கோலுக்குக் கீழே போனவள்

பட்டியின் வாசலை வேண்டுமென்றே ஒடுக்கமாக வைத்திருந்தார்கள். ஒரு நேரத்தில் ஒரு குட்டிதான் வெளியே வர முடியும். பால்குடி மறந்த குட்டிகளை உள்ளே அடைத்துவிட்டுத் தாய் ஆடுகளை வெளியே நிறுத்துவார்கள். தாய்கள் கத்தும். குட்டிகள் முட்டி மோதிக்கொண்டு வாசலுக்கு வரும். வாசலோரத்தில் ஆடுகளின் சொந்தக்காரர், ஊர் பத்துக்காரர் என்று கூப்பிடுகிறவர், நிற்பார். கையில் நீளமான கோல், அதன் நுனியில் சுற்றிய கந்தல், காலடியில் காவி மண்ணை எண்ணெயில் குழைத்து வைத்த வாளி. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, காலில் உரசிப் போகும் ஒவ்வொன்றையும் வாய்விட்டு எண்ணுவார். ஒன்பது என்றதும் குனிந்து, கந்தலை வாளியில் முக்கி நிமிர்வார். அடுத்து வருவதன் முதுகில் கோல் இறங்கும். அது கர்த்தருடையது.

கண்ணை மூடுவதற்குக் காரணம் இருந்தது. மோசே காலத்துச் சட்டம் அப்படி. மந்தையில் கோலுக்குக் கீழே போவதில் பத்தாவது எதுவோ அது தேவனுக்கு. கொழுத்ததா நோஞ்சானா என்று பார்க்கக் கூடாது, இன்னொன்றை மாற்றி வைக்கக் கூடாது, விலை கொடுத்து மீட்கவும் கூடாது. கண் திறந்திருந்தால் மனசு கள்ளத்தனம் பண்ணும் என்பார் அவர்.

முட்டையில் பத்தாவதற்குப் பென்சிலால் சிலுவை போடுவார். கிழங்கில், வெட்டிய புல்லில், கறந்த பாலில் எல்லாவற்றிலும் அப்படித்தான். "பத்தாவது தும்மலை அடக்கி வச்சுக்கிட்டு ஞாயித்துக்கிழமை சபையில வந்துதான் தும்முவாரு" என்று பால் வண்டி ஓட்டுகிற பையன் ஒருமுறை சொல்லி, சேகரிப்பு நிலையத்தில் கேன்களோடு நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவர் மனைவி பால்காரம்மாவும் அந்த வரிசையில்தான் நின்றாள். அவளும் சிரித்துவிட்டாள்.

அந்த வண்டிக்காரனுக்குத்தான் இப்போது அவள் மகளைக் கேட்டு வந்திருந்தார்கள்.

வண்டிக்காரனின் அம்மா தையல்காரி. மூடுபனி இன்னும் கலையாத காலையில், ஈரக் குடையை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தாள். அடுக்களையில் கணப்பு எரிந்துகொண்டிருந்தது. மேசையில் ரொட்டி, ஆட்டுப்பால் கட்டி, அவித்த முட்டை. பத்துக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

"சுத்தி வளைக்காம சொல்றேண்ணே" என்றாள் தையல்காரம்மா. "என் பையனுக்கு உங்க பொடிசு மேல ஆசை. அவளுக்கும் இஷ்டம்தான்னு ஊருக்கே தெரியும். உங்களுக்கு மட்டும்தான் தெரியாத மாதிரி இருக்கீங்க."

"தெரியும்."

"தெரிஞ்சா சரி. அப்ப ஒரு வார்த்தை சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் வேணாம். கல்யாண உடுப்புகூட நானே தைச்சுக்குவேன். பொண்ணு வந்தா போதும்."

அவர் முட்டையை மேசையில் உருட்டினார். ஓடு விரிசல் விட்டது. உரிக்கவில்லை.

"அது என் கையில இல்லம்மா" என்றார்.

"பின்ன யார் கையில?"

வெளியே நாய் ஒரு தடவை குரைத்தது. பத்துக்காரர் தலையைத் திருப்பிப் பாதையைப் பார்த்தார். யாரும் வரவில்லை. நாய் குரைக்கும்போதெல்லாம் அவர் அப்படிப் பார்ப்பது தையல்காரம்மாவுக்குத் தெரியாது. பால்காரம்மாவுக்குத் தெரியும். அவர் எழுந்து தொழுவத்துக்குப் போய்விட்டார்.

"என்னடி இது?" தையல்காரம்மா குரலைத் தாழ்த்தினாள். "என் பையனுக்கு என்ன குறை? தும்மல் கதையை யாராவது வந்து வத்தி வச்சுட்டாங்களா?"

"அது இல்லக்கா."

"ஏற்கெனவே ரெண்டு இடம் வந்து இப்படித்தான் போச்சாமே. அந்த ரெண்டு பேரும் இன்னைக்குப் பிள்ளை குட்டியோட இருக்காங்க. பாரு, ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு வரேன். அன்னைக்கும் கையில இல்ல, கால்ல இல்லன்னா நான் வேற இடம் பார்த்துக்குவேன். என் மகன் அழுவான், அழுதுட்டுப் போறான்."

குடையை எடுத்துக்கொண்டு அவள் போனபின், ஜன்னல் விளிம்பில் ஒரு தேநீர்க் கோப்பை ஆவி பறக்க இருப்பதைப் பால்காரம்மா பார்த்தாள். மகளுக்கு அவர் ஊற்றி வைத்தது. தினமும் அப்படித்தான். கையில் கொடுக்க மாட்டார்.

பொடிசு என்பது செல்லப்பெயர். ஆள் ஒன்றும் பொடிசு இல்லை. இரண்டு கையிலும் பால் கேனைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறுகிறவள். இருபத்துநாலு வயது. அவளைப் பெற்றவர் அவளை "நீங்க" என்றுதான் கூப்பிடுவார். "சாப்பிட்டீங்களா?" "குளிரா இருக்கு, போர்த்திக்கிட்டுப் போங்க." கேட்கிறவர்கள் பாசம் என்று நினைப்பார்கள். ஒரு தடவைகூட திட்டியதில்லை, அடித்ததில்லை, தலையில் கை வைத்ததில்லை. சாயங்காலம் அவள் பூட்ஸைக் கழுவி, எண்ணெய் தடவி, நுனி கதவைப் பார்க்கும்படி வைப்பார். யாராவது வந்து கூப்பிட்டால் உடனே மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக.

அன்றைக்குச் சாயங்காலம் கறக்கும்போது மகள் கேட்டாள்.

"அப்பா என்ன சொன்னாரு?"

"கையில இல்லைன்னாரு."

பால் பாத்திரத்தில் விழும் சத்தம் நின்றது. ஆடு திரும்பிப் பார்த்தது.

"அம்மா, ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லு. நான் அவருக்குப் பிறந்தவதானே?"

"சீ. வாயைக் கழுவு."

"பின்ன என்ன? அடுத்த வீட்டுப் பொருளை வாங்கி வச்ச மாதிரி பார்க்குறாரு. சின்ன வயசுல நான் வேணும்னே பால் கேனைக் கவுத்தேன், ஞாபகமிருக்கா? ஒரு அறையாவது விடுவாருன்னு. 'அடி படலையே உங்களுக்கு'ன்னு கேட்டுட்டுத் தரையைத் துடைச்சாரு. எனக்கு அழுகையா வந்துச்சு. டீயைக் கையில குடுத்தா என்ன, சுட்டுருமா?"

பால்காரம்மா மடியைத் துடைத்த துணியைப் பிழிந்தாள். பிழிந்ததையே மறுபடி பிழிந்தாள். பிறகு சொன்னாள்.

பதினெட்டு வருஷத்துக்கு முந்தைய குட்டி எண்ணும் நாள். இதே போல மூட்டம். அவள் வேலிக்கு வெளியே தொட்டியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவர் கண்ணை மூடி எண்ணிக்கொண்டிருந்தார். ஒன்பது என்று சொல்லிக் குனிந்து கந்தலை முக்கி நிமிர்ந்தார். உள்ளே விளையாடிக்கொண்டிருந்த ஆறு வயசுப் பொடிசு, ஒரு வெள்ளைக் குட்டியை முந்திக்கொண்டு நாலு காலில் தவழ்ந்து, ஆடு மாதிரியே கத்திக்கொண்டு வாசலைத் தாண்டினாள். அவர் காலில் உரசினாள். கோல் இறங்கியது. "பத்து" என்றார்.

சிரிப்புச் சத்தம் கேட்டுத்தான் கண்ணைத் திறந்தார். குழந்தையின் தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் சிவப்பு. அவள் அதைப் பார்த்து இன்னும் சிரித்தாள். அவர் கோலைக் கீழே போடவில்லை. பிடித்தபடியே நின்றார். முகம் சாம்பல் பூத்துவிட்டது.

"அந்தக் காவி லேசுல போகல" என்றாள் பால்காரம்மா. "வெந்நீர் வச்சுத் தேய்ச்சுத் தேய்ச்சுத் தோலே கன்னிப்போச்சு. அப்பாவுக்குத் தூக்கம் போச்சு. மறுநாளே பழைய போதகர்கிட்ட உன்னைக் கூட்டிட்டுப் போனாரு. அந்தப் பெரியவரு விழுந்து விழுந்து சிரிச்சாரு. சிரிச்சுட்டு, 'சரிப்பா, கர்த்தர் வந்து கேக்குற வரைக்கும் நீயே தீனி போட்டு வளர்த்துக்கிட்டு இரு'ன்னாரு."

"வேடிக்கைக்குத்தானே சொன்னாரு?"

"உனக்குத் தெரியுது, எனக்குத் தெரியுது. உங்கப்பாவுக்கு வேடிக்கை தெரியுமா? தீர்ப்புன்னு எடுத்துக்கிட்டாரு. அந்தப் பெரியவரும் அந்தக் குளிர் காலத்துலயே கண்ணை மூடிட்டாரு. மாத்திச் சொல்ல ஆள் இல்ல."

மகள் முதலில் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"எனக்கு நிமோனியா வந்தப்ப அவரு ரூமுக்குள்ளயே வரல."

"வெளியில நின்னாரு. டாக்டரைக் கூட்டிட்டு வந்தது அவருதான். மருந்துக்கு நடந்தது அவருதான். ஆனா பிழைக்க வைன்னு ஜெபம் பண்ணல. கேக்க எனக்கு உரிமை இல்லைன்னாரு. கர்த்தர் தன்னுடையதை எடுத்துக்கிட்டா தடுக்க நான் யாருன்னாரு."

"வெளியில நின்னு என்ன பண்ணாரு?"

"உன் பூட்ஸைத் துடைச்சுக்கிட்டு இருந்தாரு."

தொழுவத்தின் தகரக் கூரையில் தூறல் விழத் தொடங்கியது. மகள் கையைப் பின்னால் கொண்டுபோய்த் தன் தோளைத் தடவிப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை.

"நான் அவரை மீறிப் போயிரலாம். வண்டியில ஏறி உக்காந்தா முடிஞ்சது" என்றாள். "ஆனா அப்படிப் போனா, அங்கயும் நாய் குரைச்சா நான் பாதையைப் பார்ப்பேன்மா. அவரு வாயால 'என் பொண்ணைத் தரேன்'னு சொல்லணும். சொல்லாம நான் இந்த வாசலைத் தாண்ட மாட்டேன்."

மறுநாள் பாலைக் கொடுத்துவிட்டுப் பால்காரம்மா போதகரைப் பார்க்கச் சபைக்குப் போனாள். இப்போதைய போதகர் வயதில் சின்னவர், சைக்கிளில் சபை வீடுகளுக்குப் போகிறவர். சபைக் கட்டடத்தின் பின்புறம் பொது அடுக்களை. அங்கே பெரிய பானையில் கொதித்த சூப்பை அவர் கிளறிக்கொண்டிருந்தார். கைவிடப்பட்ட கிழவர்களுக்கும், கணவனை இழந்த சில வீடுகளுக்கும் அங்கிருந்துதான் மத்தியானச் சாப்பாடு. பானையில் வேகும் கறி யார் வீட்டு ஆடு என்று அவளுக்குத் தெரியும்.

முழுவதையும் கேட்டுவிட்டு அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"அம்மா, மனுஷரைத் தசமபாகமா தேவன் கேட்டதே இல்ல."

"அது எனக்குத் தெரியாதா ஐயா. அவருகிட்ட அது எடுபடாது. மந்தைக்குள்ள இருந்து வந்தா, எண்ணிக்கையில விழுந்தாம்பாரு. நான் கேக்குறது வேற. அந்தச் சட்டமே நமக்கு இருக்கா இல்லையா? பத்துல ஒண்ணு குடுத்தே தீரணுமா?"

போதகர் அடுப்புத் தீயைக் கொஞ்சம் தணித்தார்.

"அந்தக் காலத்துல ஆலயத்துல வேலை செஞ்ச கோத்திரத்துக்கு நிலம் கிடையாது. மத்தவங்க கொடுத்துத்தான் அவங்க சாப்பிடணும். அதுக்காக வச்ச சட்டம். நமக்கு அப்படி ஒரு கட்டளை இல்லம்மா. மனசுல தீர்மானிச்சபடி, முகம் சுளிக்காம குடுக்கணும். அது பத்துல ஒண்ணா இருக்கலாம், பாதியா இருக்கலாம். சில பேருக்கு ஒண்ணுமே இல்லாமலும் இருக்கலாம்."

"இதை அவருகிட்ட வந்து சொல்லுங்க."

"சொல்றேன்" என்றார். ஆனால் பானையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

சனிக்கிழமை மதியம் வந்தார். குட்டி எண்ணும் நாளும் அதுதான். குட்டிகளை உள்ளே அடைத்தாகிவிட்டது, தாய்கள் வெளியே கத்திக்கொண்டிருந்தன. பத்துக்காரர் வாளியில் காவியைக் குழைத்துக்கொண்டிருந்தார். போதகர் சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டுச் சேற்றில் நின்றபடியே, அடுக்களையில் சொன்னதை எல்லாம் சொன்னார். பத்துக்காரர் குறுக்கிடாமல் கேட்டார்.

"கடமை இல்லைங்கறீங்க."

"கட்டளையா இல்லைங்கறேன். அன்பினால குடுக்கறது."

"நான் அன்பினால குடுக்கலையே ஐயா. கடமைன்னு கட்டினேன். குட்டியைக் கொண்டுவந்து விடும்போதெல்லாம் நீங்க வாங்கிக்கிட்டீங்க. கட்டளை இல்லப்பான்னு ஒரு நாளும் சொல்லலையே."

"அது என் தப்புதான்."

"நாளைக்குப் பிரசங்கத்துல சொல்வீங்களா?"

போதகர் சேற்றில் புதைந்த செருப்பை இழுத்தெடுத்தார்.

"சொன்னா பாதிப் பேர் நிறுத்திருவாங்க" என்றார் கடைசியில். "எட்டு வீட்டுக்கு மத்தியானச் சாப்பாடு அந்தப் பானையிலதான். நான் பொய் சொல்லல, ஆனா சொல்லாம இருக்கேன். உங்க முன்னாடி ஒத்துக்கறேன்."

"அப்ப எட்டு வீட்டுக்காக ஊருக்குச் சட்டம் இருக்கு. என் வீட்டுக்காக எனக்கு மட்டும் இல்ல."

"நான் அப்படிச் சொல்லலப்பா…"

"நீங்க நல்லவரு ஐயா. என் பொண்ணு மேல இரக்கப்பட்டு வந்திருக்கீங்க. ஆனா இரக்கத்துக்காகச் சட்டத்தை மடிச்சா, அது எங்க மடங்குச்சோ அங்கயே கிழியும். என்னால ஆகாது."

அவர் கோபமாகப் பேசவில்லை. அதுதான் பால்காரம்மாவுக்குத் தாங்கவில்லை. பதினெட்டு வருஷத்தில் முதல்முறையாக "என் பொண்ணு" என்று அவர் வாயில் வந்ததை அவள் கேட்டாள். அவரும் கேட்டிருக்க வேண்டும். சட்டென்று குனிந்து, இல்லாத கட்டி ஒன்றைக் காவியில் தேடி நசுக்கினார்.

போதகர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். மேட்டில் ஏறும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தார். மூட்டத்தில் அவர் முகம் தெரியவில்லை.

பொடிசு வீட்டுக்குள்ளிருந்து வரவே இல்லை. அடுக்களை ஜன்னலில் அவள் நிழல் மட்டும் அசையாமல் நின்றது. அவர் கந்தலை இறுக்கிக் கட்டிக்கொண்டு வாசலோரத்தில் போய் நின்றார். கண்ணை மூடப் போகிற நேரம்.

பால்காரம்மா எதையும் யோசித்து வைத்திருக்கவில்லை. போதகரின் வார்த்தை எடுபட்டுவிடும் என்றே நம்பியிருந்தாள். இப்போது அந்த மூடப்போகிற கண்ணைப் பார்த்ததும், அவள் வாயிலிருந்து அது வந்துவிட்டது.

"ஏங்க, அன்னைக்கு நீங்க தப்பா எண்ணிட்டீங்க."

அவர் திரும்பினார்.

"பொடிசு பத்து இல்ல. பதினொண்ணு."

"என்ன உளர்ற?"

"ஒன்பது எண்ணிட்டுக் கோலை முக்கக் குனிஞ்சீங்களே, அப்ப ஒரு ஆள் தாண்டிப் போச்சு. நீங்க பார்க்கல."

"யாரு?"

"நான்."

தாய் ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன. அவர் இரண்டடி கிட்டே வந்தார்.

"நீ தொட்டிகிட்ட இருந்த."

"தொட்டிக்கு அப்புறம்தான் போனேன். அதுக்கு முன்னாடி உள்ள இருந்தேன். ஒரு குட்டி நொண்டிக்கிட்டு இருந்துச்சு, குளம்புல கல்லு இருக்கான்னு பார்த்துக்கிட்டு இருந்தேன்."

"நொண்டிக் குட்டி." அவர் அதை மென்று பார்த்தார். "அந்த வருஷம் ஒண்ணு நொண்டுச்சு. கறுப்பு."

"கறுப்புதான்."

"கால்ல உரசலையே."

"பாவாடை சேத்துல படாம தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஒருக்களிச்சுப் போனேன். உங்களை இடிக்கக் கூடாதுன்னு. இடிச்சா எண்ணிக்கை மறந்துரும்னு திட்டுவீங்களே."

"ஒன்பது சொன்ன பிறகா? முன்னயா?"

"ஒன்பதுன்னு சத்தமா சொன்னீங்க. குனிஞ்சீங்க. தாண்டினேன். அப்புறம்தான் அவ தவழ்ந்து வந்தா."

"இத்தனை வருஷம் ஏன் சொல்லல?"

இதற்கு மட்டும் அவள் பொய் தேட வேண்டியிருக்கவில்லை.

"பயம்" என்றாள்.

அவர் அவள் முகத்தையே பார்த்தார். கல்யாணமான புதிதில்கூட அப்படி நின்று பார்த்ததில்லை. பிறகு வாசலைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார். உதடு அசைந்தது. அந்த நாளை முதலிலிருந்து மறுபடி எண்ணுகிறார் என்று அவளுக்குப் புரிந்தது.

"மாத்தக் கூடாதுன்னு இருக்கு" என்றார். "ஒண்ணுக்குப் பதிலா ஒண்ணு வைக்கக் கூடாது. வச்சா ரெண்டும் கர்த்தருக்கு."

"மாத்தல. எண்ணினது தப்பு. தப்பான கணக்கைத் திருத்தினா அது மாத்துறது ஆகுமா? அவ மேல உங்க கோல் பட்டுச்சு, அவ்வளவுதான். பத்தாவதா போனது நான்."

"கர்த்தர் முன்னாடி சொல்லு."

அவள் ஆட்டுப்பட்டியின் சேற்றில் நின்றபடி, தலைக்கு மேலே ஒன்றும் தெரியாத வெள்ளை மூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். "பத்து நான்தான்."

சொன்னபோது முதுகில் ஏதோ குளிர்ந்தது. தூறல் கழுத்தில் இறங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அவர் கோலை வேலியில் சாய்த்தார். கையைக் கால்சட்டையில் துடைத்தார், மறுபடி துடைத்தார். வீட்டைப் பார்த்து நடந்தார். நடை போகப் போக வேகமானது. பிறகு ஓடினார். அந்த வயதில் அவர் ஓடி அவள் பார்த்ததில்லை. அடுக்களைக் கதவு திறந்தது. அப்புறம் "ஏ பொடிசு" என்று அவர் குரல் கேட்டது. "வாடி இங்க."

மகளின் அழுகை வெளியே வரைக்கும் கேட்டது.

அன்றைக்குக் குட்டிகளை எண்ணவில்லை. மறுநாள் தையல்காரம்மா வந்தபோது பத்துக்காரர் வாசலிலேயே நின்றிருந்தார். "என் பொண்ணைத் தரேன்மா" என்று அவள் குடையை மடக்குவதற்கு முன்பே சொல்லிவிட்டார். தையல்காரம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு, "அளவெடுக்கற நாடாவைப் பையிலேயே கொண்டாந்தேன், நம்பிக்கையிலதான்" என்றாள். கல்யாணத்துக்கு முந்தின வாரங்களில் அவர் மகளை வாயோயாமல் திட்டினார். கேனைச் சரியாக மூடவில்லை என்று, பாத்திரத்தை இடித்து வைத்தாள் என்று, வண்டிக்காரனோடு நின்று சிரித்தாள் என்று. அவள் ஒவ்வொரு திட்டையும் மிட்டாய் மாதிரி வாங்கி வைத்துக்கொண்டாள். ஒரு காலை அவர் தேநீர்க் கோப்பையை அவள் கையில் கொடுத்தார். அவள் வேண்டுமென்றே "ஆ, சுடுது" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். பால்காரம்மா கணப்பில் விறகு தள்ளியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். தான் சொன்ன பொய்யைவிட நல்ல காரியம் தன் வாழ்நாளில் செய்ததில்லை என்று நினைத்தாள்.

கல்யாணத்தன்று போதகர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "எப்படிம்மா மனசு மாறினாரு?" என்று கேட்டார்.

"மனசு மாறல ஐயா. கணக்கு மாறுச்சு" என்றாள். அவர் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டார். சபையில் அவர் இன்னும் அந்தப் பிரசங்கத்தைச் செய்யவில்லை. பானை கொதித்துக்கொண்டுதான் இருந்தது.

பால் வண்டியிலேயே மகளை அழைத்துப் போனார்கள். கேன்கள் இருக்கும் இடத்தில் அவள் பெட்டி இருந்தது. மேட்டில் ஏறி வண்டி மறைந்தபின் அதன் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. பத்துக்காரர் அழுதார். தகப்பன் அழுகிற அழுகைதான்.

மறுநாள் அதிகாலை அவள் தொழுவத்திலிருந்து ஈரக் கையோடு உள்ளே வந்தாள். வீடு வெறிச்சென்று இருந்தது. அவர் மேசையருகே நின்றிருந்தார். தேநீர் வாசனை வந்தது. வழக்கமாக அவளுக்குக் கோப்பையை நீட்டுவார், குளிரில் விறைத்த அவள் விரல்கள் மேல் அவர் விரல் படும், "ஐஸ் கட்டி" என்பார். இத்தனை வருஷப் பழக்கம். கல்யாண அமளியில் சில வாரங்களாக அவளே ஊற்றிக் குடித்திருந்தாள். அவள் கையை நீட்டினாள்.

அவர் ஒதுங்கி வழிவிட்டார்.

"ஜன்னல்ல வச்சிருக்கேன்" என்றார். அவளைப் பார்க்கவில்லை. "ஆறுறதுக்குள்ள குடிங்க."

கோப்பை விளிம்பில் இருந்தது. ஆவி கண்ணாடியில் படிந்து, அதற்கப்பால் பட்டியின் ஒடுக்கமான வாசல் மங்கலாகத் தெரிந்தது. கையில குடுத்தா என்ன, சுட்டுருமா என்று மகள் கேட்டது நாக்கு வரைக்கும் வந்தது. கோப்பையை எடுத்துக் குடித்தாள்.

நான் சொன்னது பொய், என்று அவளுக்கு அவளே சொல்லிக்கொண்டாள். கல்லும் இல்லை, குளம்பும் இல்லை. வேலிக்கு வெளியே, தொட்டியருகேதான் நின்றேன். வாளித் தண்ணீர் பாதத்தில் கொட்டியதுகூட ஞாபகம் இருக்கிறது. அவரிடம் இதைச் சொல்லிவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். மகளும் பழையபடி ஆகிவிடுவாள். அதை நினைத்ததும் வாயை இறுக்கிக்கொண்டாள்.

அவர் அதன்பின் அவளைப் பேர் சொல்லியோ "நீ" என்றோ கூப்பிடவில்லை. கனமான கேனைத் தூக்க விடவில்லை. குழம்பு கரித்தால் ஒன்றும் சொல்வதில்லை. கடைவாசலில் ஆள்கள் எதிரே வந்தால், அவள் முதலில் போகட்டும் என்று நின்றார். "பார்த்தியா, கிழவனுக்கு இப்பத்தான் பொண்டாட்டி அருமை தெரியுது" என்று வரிசையில் பெண்கள் கேலி செய்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். அவளுக்கு இருமல் வந்த வாரம் டாக்டரைக் கூட்டிவந்தார், மருந்துக்கு நடந்தார், அறைக்கு வெளியே நின்றார். கதவிடுக்கில் அவர் செருப்பு மட்டும் தெரிந்தது. அவள் படுத்தபடி காதைக் கொடுத்துக் கேட்டாள். ஜெபச் சத்தம் எதுவும் வரவில்லை.

அந்த இருமலின்போதுதான் முதல்முறை அப்படி ஆனது. கண்ணை மூடினால் அந்த நாள் வரும். எப்போதும் வருவதுதான். ஆனால் இதுவரை அவள் அதை வெளியே நின்று பார்த்திருந்தாள். வேலி, அதற்கு அப்பால் அவர் முகம், தவழ்ந்து வரும் குழந்தை. இப்போது அவர் முதுகு தெரிந்தது. குனிந்த முதுகு. பட்டியின் உள்ளேயிருந்து மட்டுமே பார்க்க முடிகிற முதுகு. கையில் பாவாடையின் கனம் இருந்தது. காலடியில் ஒரு கறுப்புக் குட்டி நொண்டியது. முன்னால் ஒடுக்கமான வாசல், அதற்கப்பால் வெள்ளை மூட்டம்.

இருமல் சரியானது. எழுந்து நடமாடினாள். மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தாள், கொழுகொழுவென்று, வாய் நிறையப் பேச்சோடு. "அப்பா இப்பவும் என்னைத் திட்டுறாரும்மா" என்று பெருமையாகச் சொன்னாள். வேறு எதையும் அவள் கவனிக்கவில்லை. கவனிக்காமல் இருக்கட்டும் என்று பால்காரம்மா கோப்பையைச் சீக்கிரமே ஜன்னலிலிருந்து எடுத்துவிடுவாள்.

ஒரு சாயங்காலம், அடுப்படியைக் கழுவிவிட்டு அவள் முன்னறைக்கு வந்தாள். கதவோரத்தில் அவளுடைய பூட்ஸ் இருந்தது. தொழுவத்துச் சேறு ஒரு பொட்டு இல்லாமல் கழுவி, எண்ணெய் தடவி, வார் புதிதாகக் கோத்து, நுனி கதவைப் பார்க்கும்படி வைத்திருந்தார். அவர் நாற்காலியில் உட்கார்ந்து கந்தலை மடித்துக்கொண்டிருந்தார்.

வெளியே நாய் குரைத்தது.

அவர் தலை திரும்பியது. ஆனால் அதற்கு முன்பே அவள் பாதையைப் பார்த்துவிட்டிருந்தாள்.